லாரியின் டூல்ஸ் பெட்டி

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, தமிழ்நாட்டுச் சாலைகளில் கரி வண்டிகள் ஓடின. வண்டியில் பொருத்திய உலையில் மரக்கரியை மூட்டி, விசிறியைக் கையால் சுழற்றினால் எரிவாயு உண்டாகும்; அதைக்கொண்டுதான் இன்ஜின் ஓடியது. அந்த வண்டிக்காரர்களுக்கு ஸ்பேனரைப் போலவே சாம்பல் கிளறும் கம்பியும் அவசியம். எந்தக் கருவியை ஏற்றிக்கொள்வது என்பதை வண்டியும் வழியும்தான் அன்றைக்கே முடிவு செய்தன.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க லாரிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அளவுகள் எல்லாம் அங்குலத்தில். 1954-இல் டாடா, மெர்சிடஸ்-பென்ஸ் கூட்டுறவில் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. மறு ஆண்டே சென்னையின் அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. ஜெர்மன் வடிவமைப்பு மில்லிமீட்டர் கணக்கு. பிரிட்டிஷ் வடிவமைப்பு அங்குலக் கணக்கு. இங்கேதான் சிக்கல். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். அந்த அளவு ஸ்பேனர் 13 மில்லிமீட்டர் நட்டில் ஏறாது. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் ஏறும், ஆனால் லூசாக நிற்கும். இறுகிப்போன நட்டை அதைக்கொண்டு முறுக்கினால் மூலை மழுங்கிவிடும். மழுங்கிய நட்டை நடுவழியில் கழற்றுவது பெரும்பாடு. இரண்டு வகை வண்டியும் வைத்திருந்த முதலாளிகள் இரண்டு செட் ஸ்பேனர் வாங்கியதை வீண் செலவு என்று சொல்லவே முடியாது.

டீசல் வண்டிக்குப் பெரிய தலைவலி ஏர் லாக். டேங்க் வற்றினாலோ, ஃபில்டரைக் கழற்றி மாட்டினாலோ குழாய்க்குள் காற்று புகுந்து இன்ஜின் நின்றுவிடும். ஃபில்டரின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் திருகுக்கான ஒரு சின்ன ஸ்பேனர் இல்லாமல் போனால் பத்து டன் சரக்கு ரோட்டோரம் கிடக்கும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரிகள் வடமாநிலங்களுக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்காகும். 1970-களில் நேஷனல் பெர்மிட் வந்தபின் இந்தத் தூர ஓட்டம் பெருகியது. அந்த லாரிகளின் டூல்ஸ் பெட்டிகளில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், அதன் பிடியை நீட்டிக்க ஓர் இரும்புக் குழாய், டயர் லிவர், சம்மட்டி, கிரீஸ் கன் எல்லாம் இருக்கும். ஃபேன் பெல்ட்டும், ஸ்பிரிங் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டும், யூ போல்ட்டும் உபரியாகக் கூடவே வரும். டீசல் டேங்கில் விரிசல் விட்டால் சலவை சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். மண் இளகிய இடத்தில் ஜாக்கி புதையாமலிருக்க அடியில் வைக்க ஒரு மரக்கட்டை வேண்டும். என் கணிப்பில் பெட்டியிலேயே மலிவான, ஆனால் உயிர் காக்கும் பொருள் இந்தக் கட்டைதான். உள்ளூர் மண்டிக்கும் மில்லுக்கும் ஓடிய வண்டிக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. ஜாக்கியும் ஸ்டெப்னியும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

ஆபத்தும் அந்தப் பெட்டியை ஒட்டியே இருந்தது. பழைய டயர்களை ரிம்மில் நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். அது சரியாக உட்காராத நிலையில் காற்றடித்தால் தெறித்து ஆளையே கொன்றுவிடும். நின்ற லாரிக்குப் பின்னால் எச்சரிக்கைக்காக வைத்த கற்களை அகற்றாமல் போனதால் இருட்டில் மோதியவர்களும் உண்டு. வெளிச்சம் பட்டால் ஒளிரும் முக்கோண எச்சரிக்கைப் பலகையைக் கருவிகளோடு சேர்த்தே எண்ண வேண்டியதன் காரணம் இதுதான்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் லாரிதான். கிளீனராக ஏறிய பையன், டிரைவர் கேட்ட ஸ்பேனரை இருட்டிலும் தடவி எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே மெக்கானிக்கானான். இந்தப் படிப்பு தேய்ந்துவருவது உண்மையான இழப்பு. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 மாசு விதி வண்டிகளில் இன்ஜினைக் கம்ப்யூட்டர் ஆள்கிறது; புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா அமைப்பின் சென்சார் கெட்டால் வண்டியின் வேகமே குறைந்துவிடும், ஸ்கேனர் கருவி இல்லாமல் கோளாறு பிடிபடாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. ஆனாலும் பெல்ட் அறுவதும், ஃபியூஸ் போவதும், டயர் பஞ்சராவதும் புதிய வண்டியிலும் நடப்பவைதான். இவற்றுக்கான உபரிகளையும், சரியான அளவு ஸ்பேனர்களையும், ஏற்றிய எடையைத் தாங்கும் ஜாக்கியையும் சரிபார்த்துவிட்டே இன்றும் அனுபவமுள்ள டிரைவர் சாவியைத் திருப்புகிறார்.