உயிரியலின் பொதுக் கருத்துகள்

பாக்டீரியா முதல் நீலத் திமிங்கிலம் வரை எல்லா உயிரிகளுக்கும் பொருந்தி, உயிரியலை ஒரே துறையாகப் பிணைக்கும் கருத்துகள். செல், மரபுப் பொருள், ஆற்றல் பயன்பாடு, அகச் சமநிலை, பரிணாமம் ஆகியன முதன்மையானவை.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட சிற்றறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். தாவரங்கள் செல்களால் ஆனவை என ஷ்லைடனும் (1838), விலங்குகளும் அவ்வாறே என ஷ்வானும் (1839) கூறினர். வெங்காயச் சவ்வை உரித்து, ஒரு சொட்டு அயோடின் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், செங்கல் அடுக்கியதுபோலச் செல்களும் அவற்றுள் உட்கருக்களும் தெரியும். எந்த மாணவரும் தவறவிடக் கூடாத காட்சி இது.

செல்லின் மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் உள்ளது. அதைப் படிக்கும் குறியீடு ஏறத்தாழ எல்லா உயிரிகளுக்கும் ஒன்றே. அதனால்தான் மனித இன்சுலின் மரபணுவைப் பெற்ற ஈ.கோலி பாக்டீரியா மனித இன்சுலினையே ஆக்கித் தருகிறது. இவ்வாறு தயாரான இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆற்றலை ஏ.டி.பி. மூலக்கூறு வழியாகச் செலவிடுவதும் எல்லா உயிரிகளுக்கும் பொது.

இந்த ஒற்றுமைகளுக்குக் காரணம் பொது மூதாதை. டார்வின் 1859இல் இதை விளக்கினார். மனிதனின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு மூன்றிலும் மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு மணிக்கட்டு எலும்புகள், விரல் எலும்புகள் என்ற அதே வரிசைதான். பரிணாமத்தைக் கடைசிப் பாடமாக ஒதுக்காமல், தொடக்கத்திலேயே கற்பிப்பதே சரியான முறை.