கடையத்திலிருந்து வந்த கடன் கடிதம்

ஆனி மாதத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் சாரலில் நனைந்து, அருவிக்குத் தலையைக் கொடுத்து, தென்காசிக் கோவிலையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். அங்கிருந்து அம்பாசமுத்திரம் போகிற பாதையில் இருக்கும் கடையத்தில் இறங்குகிறவர்கள் குறைவு. 1920 ஜூனில், இதே சாரல் காலத்தில், அந்த ஊரிலிருந்துதான் விசித்திரமான ஒரு வேண்டுகோள் தபாலில் புறப்பட்டது. அனுப்பியவர் சுப்பிரமணிய பாரதியார்.

கடையம் செல்லம்மாளின் பிறந்த ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், சர்க்கார் போட்ட நிபந்தனைகளோடு அங்கே வந்து சேர்ந்தார். எழுதிக் குவித்த கையெழுத்துப் பிரதிகள் இருந்தன, அச்சிடப் பணமில்லை. பழைய புலவர்கள் செய்ததை அவரும் செய்து பார்த்தார். 1919 மே மாதத்தில் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதினார். பலனில்லை. அரசன் கதவு திறக்காவிட்டால் அப்புறம் ஜனங்களின் கதவுதானே?

திட்டம் மிகப் பெரியது. 40 புத்தகங்கள், ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள். முதலில் வேண்டியது 20,000 ரூபாய். ஓரிரு வருஷங்களில் ஒன்றரை லட்சம் லாபம். ஆகையால் அன்பர்கள் ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் தரவேண்டும்; மாதம் நூற்றுக்கு 2 வட்டியோடு திருப்பித் தரப்படும்.

நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 ரூபாய்க்கு 200 பேர் வேண்டும். வட்டி மாதம் 400 ரூபாய், வருஷத்துக்கு 4,800. ஒரு புத்தகம் விற்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும் வட்டி இது. விற்கவேண்டியதோ நான்கு லட்சம் பிரதிகள்!

முன்பணம் கேட்பது புதிதல்ல. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டபோதும் பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் காரியத்தை நடத்தினார். ஆனால் அவர் கேட்டது ஒரு நூலுக்கு. சீமையில் டாக்டர் ஜான்ஸன் 1756-இல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்குச் சந்தா திரட்டினார். மறு வருஷமே தருவதாகச் சொன்ன புத்தகம் 1765-இல்தான் வந்தது. தனி மனிதனை நம்பிப் பணம் கொடுத்தால் அவனுடைய சோம்பலையும் நோயையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம்.

கடையத்துத் திட்டத்துக்குப் பணம் சேரவில்லை. 1920 முடிவதற்குள் பாரதியார் சென்னைக்குப் போய் மறுபடியும் 'சுதேசமித்திர'னில் உத்தியோகம் ஏற்றார். 1921 செப்டம்பரில் காலமானார். கடிதம் எழுதிப் பதினைந்தே மாதங்கள்! அந்த 200 பேரும் பணம் அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது. எழுதியவர் போய்விட, கடன் பத்திரங்கள் மட்டும் செல்லம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கும். அந்த அம்மாள் 1922-இல் பாரதி ஆச்ரமம் என்று பெயரிட்டுப் புத்தகம் போடத் தொடங்கியபோது, கடனில்லாமலே பாடு பெரும்பாடாக இருந்தது.

இன்று கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைத் தன்னந்தனியாக உருவாக்கும் இளைஞன், 2009-இல் தோன்றிய கிக்ஸ்டார்ட்டர் போன்ற இடங்களில் ஆயிரம் பேரிடம் பணம் கேட்கிறான். கடன் பத்திரம் கிடையாது, வட்டியும் கிடையாது. படமும் பாட்டும் கணக்கும் ஒருவன் தலைக்குள் இருக்கின்றன. அவன் படுத்துவிட்டால் எல்லாம் படுத்துவிடும். கொடுக்கிறவர்கள், போனாலும் பாதகமில்லை என்கிற தொகையைக் கொடுப்பதே நல்லது. கேட்கிறவனும் நாற்பதைச் சொல்லாமல் ஒன்றைச் சொல்லிக் கேட்பது நல்லது.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் உறுத்தல் மிஞ்சுகிறது. 1949-இல் சென்னை சர்க்கார் பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கியது. பின்னர் அவை பொதுச் சொத்தாயின. இன்று அவர் கவிதைகள் இல்லாத புத்தகக் கடை தமிழ்நாட்டில் ஏது? விற்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. வருஷக் கணக்குத்தான் தப்பு. கடையத்துக் கடிதம் அன்று என் கைக்கு வந்திருந்தால், மேலே போட்ட வட்டிக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து, நான் 100 ரூபாயைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பேன். அதுதான் உறுத்துகிறது.