திருவுளச்சீட்டும் இளையோரும்: ஹெர்ன்ஹூட் கிறித்தவச் சமூகத்தில் இறைச்சித்தம் நாடிய மரபு

தமிழில் 'திருவுளச்சீட்டு' என்றொரு சொல் உண்டு. மனிதர் தம் அறிவால் முடிவு காண இயலாத ஒன்றை, ஓலையிலோ தாளிலோ எழுதிக் குலுக்கி எடுத்து, வந்ததை இறைவனின் திருவுளமாக ஏற்பதை அது குறிக்கும். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் இவ்வகையினதே. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் விரிக்கும் குடவோலை முறையிலும், ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத ஒரு சிறுவனாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அறியாமையே அங்கு நடுவுநிலைமைக்குப் பிணையாகிறது. தமிழ் விவிலியத்தில் மத்தியா என்பார் திருத்தூதராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிகழ்ச்சி 'சீட்டு' என்னும் சொல்லாலேயே சுட்டப்படுகிறது. 'திருவுளம்' என்னும் முன்னொட்டு அங்கில்லை. அம்முன்னொட்டு சுமக்கும் பொருளைத் தம் வாழ்வின் நடுவில் வைத்து, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒழுகிய ஒரு கிறித்தவச் சமூகத்தைப் பற்றியதே இக்கட்டுரை. அச்சமூகத்தின் பதின்ம வயதினரும் இளைஞரும் எவ்வாறு இறைச்சித்தம் நாடினர், அவர்களுக்கு வழிகாட்டிய மூத்தோர் எந்த எல்லைவரை சென்றனர் என்னும் வினாக்களையே நாம் இங்கு முதன்மையாகக் கொள்கிறோம்.

1722ஆம் ஆண்டில், மொரேவியாவில் சமய ஒடுக்குமுறைக்கு ஆளான சிலர் எல்லை கடந்து சாக்சனி நாட்டுக்கு வந்து, நிக்கோலஸ் லூத்விக் ஃபான் சின்சென்டோர்ஃப் என்னும் இளம் பிரபுவின் நிலத்தில் குடியேறினர். அக்குடியிருப்பே ஹெர்ன்ஹூட். அதன் தலைவரின் இளமையை முதலில் நோக்குதல் பயன் தரும். 1700இல் பிறந்த சின்சென்டோர்ஃப், பிறந்த சில வாரங்களிலேயே தந்தையை இழந்து, பாட்டியார் வீட்டில் வளர்ந்தவர். பத்து வயதில் ஹாலே நகரில் ஃபிராங்கே நடத்திய உயர்பள்ளியில் சேர்ந்தார். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் திருப்பணிக்கு ஆதரவளித்த நகரம் அதுவே. தமிழகத்துச் செய்திகள் ஃபிராங்கேயின் உணவு மேசையிலேயே பேசப்பட்டன. அங்கு அவரும் தோழர் சிலரும் சேர்ந்து 'கடுகுவிதை' என்னும் பெயரில் ஓர் உடன்படிக்கைக் குழு அமைத்தனர். உலகின் எத்திசை மக்களிடத்தும் அன்பு காட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

சிறுவனின் நாட்டம் இறையியலில் இருந்தது. ஆயின் உயர்குடிப் பிள்ளை போதகராவது குடும்பத்துக்கு ஒவ்வாத ஒன்று. பாதுகாவலர் அவரை 1716இல் விட்டன்பர்க்குக்கு அனுப்பிச் சட்டம் பயிலச் செய்தார். பதினாறு வயது மாணவர் பணிந்தார்; பின்னர் டிரெஸ்டன் அரசவையில் பதவியும் ஏற்றார். எம் வகுப்பறைகளில் மருத்துவமும் சட்டமும் பயில அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கதையைக் கேட்டறிந்த ஆசிரியர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. பெற்றோர்க்குக் கீழ்ப்படிதலும் இறைக்கட்டளை, உள்ளத்து அழைப்பும் இறைக்கட்டளை எனில், இரண்டும் முரணும் இடத்தில் இளையவன் எதனைக் கைக்கொள்வது? பிற்காலத்தில் சின்சென்டோர்ஃப் சீட்டின்மீது கொண்ட பெருவிருப்பத்துக்கு இவ்விளமை அனுபவமும் ஒரு காரணமாகலாம் என்பது எம் கருத்து. குடும்பத்தின் விருப்பத்துக்கும் தன் விருப்பத்துக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது குரல் ஒன்றை அவர் தேடினார் எனலாம்.

ஹெர்ன்ஹூட்டில் 1727இல் பன்னிரு மூப்பர் தெரிவு செய்யப்பட்டு, அவருள் நால்வர் சீட்டின்வழித் தலைமை மூப்பராயினர். அதே ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில் எழுந்த ஆன்மிக எழுச்சியில் சூசன்னா கூனல் என்னும் பதினொரு வயதுச் சிறுமி முன்னின்றாள் என்பதும் நோக்கத்தக்கது. சிறார் இறைவனை நேரே அறியக்கூடியவர் என்னும் எண்ணம் அச்சமூகத்தில் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது.

இவ்வெண்ணத்தின் உச்சம் அன்னா நிட்ஷ்மன். 1715இல் மொரேவியாவில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். 1730 மார்ச்சில் பெண்களுக்கான தலைமை மூப்பரைத் தெரிவு செய்யச் சீட்டெடுத்தபோது, பதினான்கே வயதான இச்சிறுமியின் பெயர் வந்தது. அவரின் இளமையைக் கருதிப் பதவியை மறுத்துவிடுமாறு சின்சென்டோர்ஃபே அறிவுறுத்தினார். அன்னாவோ அது இறைவனிடமிருந்து வந்தது எனக் கூறி ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு மே மாதத்தில் மணமாகாத இளம்பெண்கள் பதினெண்மர் அவர் தலைமையில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பத்தாண்டு கழித்துப் பென்சில்வேனியாவரை சென்று பணியாற்றினார். சீட்டு முறையை அறவே மூடநம்பிக்கை எனத் தள்ளுவோர் இந்நிகழ்ச்சிக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்போம். அக்கால ஐரோப்பாவில் குலமும் செல்வமும் கல்வியும் இல்லாத ஒரு சிறுமியை ஒரு சமயச் சமூகத்தின் தலைமைக்கு உயர்த்தும் வழி வேறொன்று இருந்ததாகத் தெரியவில்லை. பிரபுவின் அறிவுரையையும் மறுக்கும் துணிவை அவருக்குத் தந்தது அச்சிறு தாள்தான். உத்தரமேரூரில் சிறுவனின் கை ஓலையை எடுத்தது. ஹெர்ன்ஹூட்டில் சிறுமியின் பெயரே சீட்டில் வந்தது.

நம்பிக்கைப் பணிக்குச் சென்றோர் வரலாற்றிலும் சீட்டு இடம்பெறுகிறது. குயவர் தொழில் செய்த லியோனார்டு டோபர், மேற்கிந்தியத் தீவான புனித தாமஸில் அடிமைகளிடையே பணியாற்ற 1731இல் விரும்பினார். சமூகம் ஓராண்டுக்கு மேல் தயங்கியது. முடிவில் சீட்டெடுக்கப்பட்டு, அவரைப் போகவிடலாம் எனப் பொருள்படும் வாசகம் வந்தபின் 1732 ஆகஸ்டில் டேவிட் நிட்ஷ்மனுடன் புறப்பட்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு. சீட்டு வருவதற்கு முன்பே விருப்பமும், ஓராண்டுக் காத்திருப்பும், பிறரின் ஐயங்களுக்கு விடையளித்தலும் நிகழ்ந்துவிட்டன என்பதை நாம் மறத்தலாகாது. சீட்டு தொடக்கமன்று, நெடிய ஆய்வின் இறுதியில் வந்தது.

இவ்விடத்தில் அச்சமூகத்தின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். வயதும் இல்வாழ்வு நிலையும் கருதி, சிறுவர், சிறுமியர், மணமாகாத ஆடவர், மணமாகாத பெண்டிர், மணமானோர், கைம்பெண்டிர் எனப் பகுப்புகள் இருந்தன. ஒவ்வொரு பகுப்புக்கும் அதே பாலைச் சார்ந்த மூத்தவர் ஒருவர் பொறுப்பாளர். திருவிருந்துக்கு முன் அவர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து உரையாடுவார். உள்ளத்தின் நிலை, ஐயம், சோர்வு, உடலின் மாற்றங்கள் ஆகியன மனந்திறந்து பேசப்படும். வெளியிலிருந்து நோக்குவோரை ஈர்ப்பது சீட்டு. ஆயின் இளையோர்க்கு உண்மையான வழிகாட்டுதல் நிகழ்ந்த இடம் இவ்வுரையாடலே எனத் துணியலாம். இதில் ஓர் இடரும் இருந்தது. உள்ளத்தை அறிந்த மூத்தவரே மூப்பர் அவையில் அமர்ந்து, சீட்டுக்கு முன்வைக்கும் வினாவை வகுப்பதிலும் பங்குகொண்டார். 'ஆம்', 'இல்லை' என இரு சீட்டும், இன்னும் காலம் வரவில்லை எனப் பொருள்படும் வெற்றுச்சீட்டும் வைக்கப்படும். விடை இறைவனுடையது எனக் கொள்ளினும், வினா மனிதருடையதே. எந்த இளைஞனுக்கு எந்தப் பெண்ணின் பெயரை முன்வைப்பது, யாருடைய விண்ணப்பத்தைச் சீட்டுக்குக் கொண்டுவராமலே நிறுத்துவது என்பன மூப்பரின் கையில் இருந்தன.

திருமணத்தில் இது மிகுந்த கூர்மை பெற்றது. சீட்டு 'ஆம்' எனினும், பெண்ணிடம் கேட்கப்படும்போது அவள் மறுக்கலாம், மறுப்புக்குத் தண்டனையில்லை. 'இல்லை' என வரின் அவ்விணைப்பு நடவாது. இளையோர்க்கு மறுக்கும் உரிமை இருந்தது. தெரிவு செய்யும் உரிமை குறைவு. இவ்வேறுபாடு சிறிதன்று. சீட்டுக்கு உட்படாமல் மணந்தோர் சமூகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அமெரிக்கக் குடியிருப்புகளில் எதிர்ப்பு வலுத்தபின், 1818ஆம் ஆண்டுப் பொதுப்பேரவை அங்குத் திருமணச் சீட்டின் கட்டாயத்தை நீக்கியது. 1889இல் சீட்டு முறையே கைவிடப்பட்டது.

மொரேவியரிடம் கற்று, தானே சீட்டெடுத்தவர் ஜான் வெஸ்லி. ஜார்ஜியாவின் சவன்னா நகரில் பதினெட்டு வயதளவில் இருந்த சோஃபி ஹாப்கி என்னும் பெண்ணின்மீது அவர் அன்பு கொண்டார். மணப்பதா வேண்டாவா எனத் துணிய இயலாமல், 1737 மார்ச் 4ஆம் நாள் நண்பரொருவருடன் மூன்று சீட்டுகள் எழுதிக் குலுக்கினார்: மணந்துகொள்ளலாம், இவ்வாண்டு எண்ண வேண்டா, இனி எண்ணவே வேண்டா. மூன்றாவது வந்தது. எட்டு நாளில் சோஃபி வில்லியம்சன் என்பவரை மணந்தாள். பின்னர் வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து மறுக்க, வழக்கு எழுந்து, ஆண்டு முடிவில் அவர் ஜார்ஜியாவை விட்டு நீங்கினார். இங்கு சீட்டுக்கு முன்வைக்கப்பட்டது ஒரு பெண்ணின் வாழ்வு. அவளோ அவ்வறையில் இல்லை, அவளிடம் வினவப்படவும் இல்லை. மொரேவியர் பெண்ணுக்கு விட்டுவைத்திருந்த மறுப்புரிமை போன்ற எதுவும் இங்கு இடம்பெறவில்லை. அவர் தோற்றுவித்த மெதடிஸ்த இயக்கமே, 1885இல் பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்து, நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பயின்ற பள்ளிகளை நிறுவியது என்பதை இடையே குறித்துச் செல்வோம்.

கத்தோலிக்க மரபில் இக்கேள்விக்கு வேறு வழி வகுக்கப்பட்டது. இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள், உள்ளத்தில் எழும் ஆறுதலையும் வறட்சியையும் காலம் கொடுத்து நோக்குமாறு கற்பித்தன. பிரான்சிஸ் சவேரியார் 1545இல் மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறையருகே சில மாதம் தங்கி வேண்டியபின்னரே மலாக்காவுக்குக் கப்பலேறினார். நம் மண்ணுக்கு அவர் வந்தது சீட்டினால் அன்று.

மீண்டும் மொரேவியரிடம் வருவோம். இவர்களின் கல்விக்கூடங்களில் பயின்றோருள் புகழ்பெற்றவர் ஃபிரீட்ரிக் ஷ்லையர்மாகர். தந்தை பிரஷ்ய இராணுவத்தின் சமயகுரு. மகனின் நம்பிக்கை சிதையாதிருக்க வேண்டும் என்னும் கவலையால் 1783இல் நீஸ்கியில் உள்ள மொரேவியப் பள்ளியில் சேர்த்தார். மகன் 1785இல் பார்பி நகரின் குருத்துவக் கல்லூரிக்கு மாறினார். அங்குப் புதிய தத்துவ, இலக்கிய நூல்களுக்குத் தடை. மாணவர் சிலர் அவற்றை மறைவில் படித்தனர். ஆசிரியர் ஐயங்களுக்கு விடை கூறாமல் ஐயத்தையே பாவமெனச் சுட்டினர். 1787 சனவரியில், பதினெட்டு வயதில், தாம் கற்பிக்கப்பட்ட கோட்பாடுகளுள் சிலவற்றை நம்ப இயலவில்லை எனத் தந்தைக்கு எழுதினார். தந்தையின் மறுமொழி கடுமையும் துயரமும் நிறைந்தது. ஆயினும் மகன் ஹாலேக்குச் சென்று பயில இசைவளித்தார். அவ்விளைஞரே பின்னாளில் புரொட்டஸ்தாந்து இறையியலின் போக்கை மாற்றியவர். 1802இல் பழைய மொரேவியக் குடியிருப்பொன்றுக்குச் சென்றபோது, தாம் மீண்டும் ஹெர்ன்ஹூட்டரே, ஆயின் உயர்நிலையில் எனும் பொருள்பட எழுதினார். பள்ளி அவரை இழந்தது விடை தவறியதால் அன்று, வினவ இடந்தராமையால். தனியுரையாடலைத் தன் சிறப்பாகக் கொண்ட சமூகத்திலேயே இது நேர்ந்தமை வருந்தத்தக்கது.

தமிழகத்திலும் இவர்கள் வாழ்ந்தனர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, நகருக்கு அருகே 'சகோதரர் தோட்டம்' எனப்பட்ட குடியிருப்பை அமைத்தனர். நிக்கோபார் தீவுகளில் 1768இல் தொடங்கிய பணியில் நோய்க்குப் பலர் பலியாகி, 1787இல் அது கைவிடப்பட்டது. தோட்டமும் 1803இல் மூடப்பட்டது. ஹாலேப் பணியாளரின் எதிர்ப்பும் ஒரு காரணம். தமிழ்க் கிறித்தவரிடையே அவர்கள் விட்டுச்சென்றது மிகச் சிறிது. எனவே, புத்தாண்டு நள்ளிரவு வழிபாட்டில் நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் பிள்ளைகள் வரிசையில் நின்று எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை அத்தோட்டத்தின் வழிவந்தது எனக் கூறச் சான்றில்லை. ஒப்புமை உண்டு என்பதே கூறத்தக்கது.

அவ்வொப்புமைக்கு உரியது 'லோசுங்' எனப்படும் அன்றாட வசனம். 1728 மே 3ஆம் நாள் மாலை சின்சென்டோர்ஃப் மறுநாளைக்கென ஒரு வசனத்தைச் சமூகத்துக்கு வழங்கினார். 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் நூலாக அச்சேறி வருகின்றன. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவருகிறது. ஹெர்ன்ஹூட்டில் பழைய ஏற்பாட்டு வசனங்கள் சுமார் 1800 இடப்பட்ட கலத்திலிருந்து, சில ஆண்டுகள் முன்னதாகவே ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று சீட்டாக எடுக்கப்படுகிறது. அதனுடன் வைக்கப்படும் புதிய ஏற்பாட்டு வசனம் சீட்டால் வருவதன்று. ஒருவர் படித்து, ஆய்ந்து, பொருத்தித் தெரிவு செய்வது. 'ஆம்', 'இல்லை' என்னும் சீட்டுகள் ஒழிந்தபின்னும் எஞ்சி நிற்கும் இச்சீட்டு, எந்த மாணவனும் எப்பாடம் பயில வேண்டும், எவரை மணக்க வேண்டும் எனச் சொல்வதில்லை. அன்று காலை ஒரு வசனம் அவன்முன் வைக்கப்படுகிறது. அதனருகே இன்னொருவர் தேடியெடுத்த மற்றொன்று.