மண்பாண்டமும் தண்ணீரும்

ராக் இசை என்றாலே நம் வயதுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வோம். அதில் கிறிஸ்தவ ராக் என்று தனியாக ஒரு வகை அமெரிக்காவில் உண்டு. அந்த வகையைச் சேர்ந்த 'ஜார்ஸ் ஆஃப் கிளே' குழுவைப் பற்றி இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவர்கள் பாட்டு அல்ல, தண்ணீர். குடிநீர்ப் பணியிலேயே காலம் கழித்தவன் நான். புத்தி அங்கேதான் போகும்.

1993-இல் இல்லினாய் மாநிலத்தில் கிரீன்வில் கல்லூரி மாணவர்கள் சிலர் தொடங்கிய குழு இது. பெயருக்கு மண்பாண்டங்கள் என்று பொருள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலிருந்து எடுத்தது. 1995-இல் வந்த முதல் ஆல்பம் 20 லட்சம் பிரதிகள் விற்றது. அதிலிருந்த 'ஃபிளட்' (வெள்ளம்) என்ற பாட்டு சர்ச் வட்டாரத்தைத் தாண்டி எல்லா ரேடியோக்களிலும் ஒலித்தது. பிறகு மூன்று கிராமி விருதுகள்.

2002-இல் பாடகர் டான் ஹேசல்டைன் ஆப்பிரிக்கா போய் வந்தார். சகாராவுக்குத் தெற்கே சுமார் இரண்டரைக் கோடி பேருக்கு எச்.ஐ.வி. இருந்த காலம் அது. மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா? அதை விழுங்கக் கையில் இருப்பது கலங்கல் தண்ணீர். எதிர்ப்புச் சக்தி போன உடம்புக்கு வயிற்றுப்போக்கே எமன். இரத்தத்தையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று கண்டுகொண்டு, அப்போதுதான் கல்லூரி முடித்த ஜெனா லீ என்ற பெண்ணுடன் சேர்ந்து 2004-இல் 'பிளட் வாட்டர் மிஷன்' அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு டாலர் கொடுத்தால் ஒருவருக்கு ஒரு வருடம் நல்ல தண்ணீர் என்று சொல்லி, ஆயிரம் ஊர்களுக்கு என இலக்கு வைத்தார்கள். 2010 வாக்கில் அதை முடித்தும் விட்டார்கள்.

கிணறு தோண்டுவது பெரிய காரியம் இல்லை. நம் ஊர் அடிபம்புகளை நினைத்துப் பாருங்கள். (அந்த 'இந்தியா மார்க் 2' பம்பு பிறகு ஆப்பிரிக்காவுக்கும் போனது.) திறப்பு விழா அன்று மாலை, மைக் செட்டு எல்லாம் இருக்கும். ஆறு மாதத்தில் வாஷர் தேய்ந்தால் மாற்ற ஆள் இருக்காது. பெண்கள் மறுபடி குளத்துக்கே நடப்பார்கள். எத்தனை ஊரில் பார்த்திருக்கிறேன்! இந்தப் பாட்டுக்காரர்கள் தாங்களே போய்த் தோண்டவில்லை. அந்தந்த நாட்டு அமைப்புகளிடம் பணத்தைக் கொடுத்து வேலையை ஒப்படைத்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

கென்யாவில் லுவாலா என்று ஒரு கிராமம். மில்டன் ஒச்சியெங் என்ற பையன் அமெரிக்காவில் படிக்கப் போக, ஊரார் ஆடு, மாடு, கோழி விற்று விமானச் செலவு கொடுத்தார்கள். பிறகு அவனும் தம்பி ஃபிரெட்டும் மருத்துவம் படித்தார்கள். அதற்குள் பெற்றோர் இருவரும் எய்ட்ஸில் போய்விட்டார்கள். தகப்பனார் ஆரம்பித்து வைத்த மருத்துவமனையைப் பிள்ளைகள் கட்டி முடித்து 2007-இல் திறந்தார்கள். அதற்குக் கைகொடுத்தவர்களில் இந்த மண்பாண்டக்காரர்களும் உண்டு.