டிசி கில்லெஸ்பி

ஜான் பர்க்ஸ் கில்லெஸ்பி (1917–1993), 'டிசி' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட அமெரிக்க டிரம்பெட் கலைஞர். சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கருடன் சேர்ந்து 1940-களில் 'பீபாப்' என்னும் ஜாஸ் பாணிக்கு உருவம் கொடுத்தவர். தெற்குக் கரோலினாவின் செரா என்னும் ஊரில் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். கொத்து வேலை செய்துவந்த தந்தை ஓர் இசைக்குழுவையும் நடத்தியதால், வாத்தியங்கள் சிறு வயதிலேயே அவர் கைக்கு எட்டின.

1939-இல் கேப் காலவே குழுவில் சேர்ந்த கில்லெஸ்பிக்கு, உடன் வாசித்த மாரியோ பவுசா கியூபத் தாளங்களை அறிமுகப்படுத்தினார். ஹார்லெமிலிருந்த 'மின்டன்ஸ் பிளேஹவுஸ்' விடுதியில் இசைஞர்கள் பின்னிரவுகளில் கூடி வாசித்தபோதுதான் பீபாப் முளைவிட்டது. அதுவரை பெரும்பாலும் நடனத்துக்குத் துணையாக இருந்த ஜாஸ், இப்பாணியில் ஊன்றிக் கேட்பதற்குரிய இசையாயிற்று. பழைய பாட்டின் 'கார்டு' வரிசையை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளின் தொடரை, அடித்தளமாக நிறுத்திக்கொண்டு, அதன்மேல் அதிவேகமான புதிய மெட்டொன்றை எழுப்புவது இதன் முக்கிய வழிகளில் ஒன்று. 'விஸ்பரிங்' என்ற பழம்பாட்டின்மீது அவர் கட்டிய 'குரூவின் ஹை' இதற்குத் தெளிவான சான்று.

ஊதுவது டிரம்பெட்டே ஆயினும், அவருடைய இசைச் சிந்தனை பியானோவின்முன் உருவானது. சுரக் கூட்டுகளைக் கட்டைகளில் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உணர்ந்தால்தான் மனோதர்மம் விரியும் என்று கருதிய அவர், மைல்ஸ் டேவிஸ் முதலிய இளையவர்களையும் பியானோ கற்கத் தூண்டினார். கண்டறிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்த இந்தத் தாராளத்தை, அவருடைய வேகத்தையும் உச்சத்தாயி வீச்சையும்விடப் பெரிதாகவே மதிக்க வேண்டும்.

தாளத்திலும் அவர் தேடல் ஓயவில்லை. 1947-இல் கியூபக் கொங்கா முழவுக் கலைஞர் சானோ போசோவைத் தம் பெருங்குழுவில் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் பொதுமொழி இல்லாத நிலையிலும், போசோ தந்த தாள அடுக்கின்மேல் கில்லெஸ்பி நடுப்பகுதியை அமைக்க, கில் ஃபுல்லர் அதைப் பெருங்குழு வாசிப்புக்கேற்ப அமைத்துத் தர, 'மன்டேகா' பிறந்தது. ஆப்பிரிக்க-கியூப ஜாஸின் தொடக்ககால ஆக்கங்களில் இது தலையாயது.

1953-இல் ஒரு விருந்தில் யாரோ தடுக்கி விழுந்து அவருடைய டிரம்பெட்டை வளைத்துவிட்டனர். ஊதிப் பார்த்தவருக்குத் தம் ஒலி முன்னைவிட விரைவாகக் காதில் விழுவதாகத் தோன்றவே, ஒலி வெளிவரும் அகன்ற முனை மேல்நோக்கிச் சாய்ந்த கருவியைச் சொல்லிச் செய்வித்துக்கொண்டார். பலூன்போல் உப்பிய கன்னங்களும் இந்தக் கருவியும் அவருடைய அடையாளமாயின.

1988-இல் அவர் அமைத்த 'யுனைடெட் நேஷன் ஆர்க்கெஸ்ட்ரா'வில் கியூபா, பிரேசில், பனாமா நாட்டுக் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். அக்குழுவுடன் பல நாடுகளுக்குச் சென்ற அவர், 1993 ஜனவரி 6 அன்று நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டில் காலமானார்.