பல்லாவரத்துக் கல்லும் சரளையும்

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று தாம்பரம் திசையில் தொடரும் கற்குன்றுகளில் மனிதக் கை பட்டது ஆங்கிலேயர் காலத்தில்தான் என்று கொள்வதற்கில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்துக் குன்றைக் குடைந்து எடுத்த கோயில் இன்று தர்காவாக வழிபாட்டில் உள்ளது. ஆனால் பல்லவ உளி குன்றைக் குடைந்ததே ஒழியப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கன்டோன்மென்ட், அதாவது படைக்குடியிருப்பு, அமைந்த பின்னரோ குன்று வண்டியேற்றும் சரக்காயிற்று: பாறை கட்டடக் கல்லாகவும் ஜல்லியாகவும், இரும்புச்சத்து ஏறி இறுகிய செம்மண் படிவாகிய செம்புறாங்கல் சரளையாகவும் போயின.

அவ்வாறு சரளைக்காக வெட்டிய பள்ளமொன்றில்தான், 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் மனிதக் கை செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்து, பழைய கற்கால மனிதர் இந்தியாவில் வாழ்ந்தனர் என்பதை முதன்முதலில் நிறுவினார். வெட்டிய மண்வெட்டியே வெளிக்கொணர்ந்த சான்று இது. அதற்கு முன் எத்தனை கருவிகள் சரளையோடு சரளையாகச் சாலையடியில் அமிழ்ந்தன என்பதற்குக் கணக்கில்லை.

சரளையைப் போலவே பாறைக்கும் ஒரு கதை உண்டு. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கி, நீலச்சாயல் படிந்த குவார்ட்சும் ஹைப்பர்ஸ்தீன் எனும் கனிமமும் கலந்திருக்கும் இந்தக் கருங்கல்லை, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது கிடந்த கல்லோடு ஒப்பிட்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். உள்ளூர்க் கல்லுக்கு உள்ளூர்ப் பெயர் வாய்க்காமல், வேறோர் ஊரில் புதையுண்ட கம்பெனி அலுவலரின் பெயர் நிலைத்தது விந்தையே.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதும் குடியிருப்பும் தெற்கே நகர்ந்து, புதர்க்காடு குறைந்தது. 1937-இல் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஒரு விதிவிலக்கு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே செடிகொடிகளை ஆராய்ந்தும் மரம் வளர்த்தும் வந்ததால், புதர்க்காட்டின் ஒரு பகுதி வளாகத்துக்குள் பிழைத்தது. வெளியிலோ, விடுதலைக்குப் பின்னும் கல்குவாரிகள் இயந்திர வேகத்தில் ஆழப்படுத்தப்பட்டன. குன்றத்தூர்ப் பக்கத்துச் சிக்கராயபுரத்தில் இவ்வாறு வெட்டிக் கைவிட்ட பள்ளங்களில் தேங்கிய மழைநீரைத்தான், 2017 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக அனுப்பினர்.