ரேந்தை பின்னிய கைகள்

கிறிஸ்து பிறப்புக் காலம் நெருங்கினால் நம் பங்குகளில் பல தாய்மார்களின் தையல் இயந்திரங்களுக்கு ஓய்விராது. பங்கு நாடகத்தில் ஏரோது மன்னனுக்குக் கழுத்துப்பட்டை வேண்டும். ஞானிகள் மூவருக்கும் தலைப்பாகையும் இடைக்கச்சையும் வேண்டும். வானதூதரின் அங்கி ஓரத்துக்கு லேஸ் வேண்டும். கூலி எதிர்பாராமல், ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு செய்யும் வேலை இது. கடையில் மீட்டர் கணக்கில் வாங்கித் தைக்கப்படும் அந்த லேசுக்கு நம் மாவட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. அது பொழுதுபோக்கின் வரலாறு அன்று.

லேசுக்குத் தமிழில் ‘ரேந்தை’ என்றொரு பழைய சொல் இருக்கிறது. போர்த்துக்கீசியரின் ‘ரெண்டா’ என்னும் சொல்லின் திரிபு அது. சன்னல், சாவி, அலமாரி ஆகிய சொற்களைப் போலக் கப்பலேறி வந்து கரையிறங்கிய சொல். இலங்கையின் தென்கரையில் பெண்கள் பின்னும் ‘பீரலு’ ரேந்தையும் போர்த்துக்கீசியப் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டில் நம் கடலோரச் சிற்றூர்களில் திருமுழுக்கு அளித்துச் சென்றாரே, அந்தக் காலத்துக் கடல்வழித் தொடர்பின் எச்சம் இச்சொல்.

ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் வெனிசிலும் பிளாண்டர்சிலும் ரேந்தை ஒரு பெருங்கலையாக வளர்ந்தது. மன்னரின் கழுத்துப்பட்டை, பிரபுக்களின் கைமடிப்பு, ஆயர்களின் வெள்ளங்கி ஓரம் என்று பெரியோரின் உடையிலேயே அது இடம் பெற்றது. மாளிகைப் பெண்கள் அதைப் பொழுதுபோக்காகக் கற்றனர். குடிசைப் பெண்கள் கண் மங்கும்வரை கூலிக்குப் பின்னினர். 1809-இல் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அன்றிலிருந்து கைவேலைக்கு அங்கே இறங்குமுகம்.

அந்தக் கைவேலைதான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நாகர்கோவிலில் புதிதாக வேரூன்றியது. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மிஷன் குருவான சார்லஸ் மால்ட் என்பவரின் துணைவியாக மார்த்தா மால்ட் அம்மையார் இங்கு வந்தார். பெண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியில் 1821-இல் ரேந்தை பின்னக் கற்பித்தார். கருவிகள் எளியவை: இறுக அடைத்த ஒரு திண்டு, துளையிட்ட மாதிரித் தாள், குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு கட்டைகள். கட்டைகளை இரண்டிரண்டாகக் கையிலெடுத்து, குறுக்கே மாற்றுவதும் முறுக்குவதுமாகிய இரண்டே அசைவுகளால் பூவும் இலையும் பிறக்கும். ஒரு சாண் நீளத்துக்குப் பல நாள் உழைப்பு வேண்டும்.

பின்னியவர்கள் யார் என்பதே நாம் நின்று எண்ண வேண்டிய செய்தி. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நிலவியது. 1855-இல்தான் அது ஒழிந்தது. அடிமைக் குலங்களிற் பிறந்த சிறுமியரும் அப்பள்ளியில் திண்டின் முன் அமர்ந்தனர். ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர்கள் அவர்களுள் இருந்தனர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. சீமையில் ஒரு சீமாட்டியின் கழுத்தை அணிசெய்த நூல், இங்கே ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த நுகத்தை அறுத்தது.

பள்ளியில் ரேந்தை தொடங்கிய மறு ஆண்டே, 1822-இல், வெளியே தோள்சீலைக் கலவரம் மூண்டது. நாடார் முதலிய குலங்களின் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மறைக்கலாகாது என்பது நாட்டு வழக்கு. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணியும் குப்பாயத்தைக் கிறிஸ்துவைத் தழுவிய பெண்களும் அணியலாம் என்று அனுமதி பிறந்தது. மிஷன் பெண்கள் ஒரு தளர்ந்த அரைக்கைச் சட்டையை வகுத்துக் கொடுத்தனர். அதை அணிந்து சந்தைக்குப் போன பெண்களின் உடை கிழிக்கப்பட்டது. வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1829-லும் 1859-லும் மீண்டும் அரச ஆணைகள் வந்தன. பிறர் உடையின் ஓரத்தை அழகுசெய்யும் உரிமை இருந்தது. தம் தோளை மூட உரிமையில்லை. இந்த முரண்பாட்டை நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

1859 ஜூலை 26 ஆணையில் நம் கடலோர மக்கள் கவனிக்க வேண்டிய ஒரு குறிப்பு உண்டு. முக்குவப் பெண்கள் உடுத்துவதுபோல் முரட்டுத் துணியை நாடார் பெண்கள் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தலாகாது என்றது அது. நம் கத்தோலிக்க மீனவத் தாய்மாரின் உடை, அரச ஆணையில் ஓர் அளவுகோலாக நின்றது. அது பெருமையா, அவர்களும் ‘கீழே’ என்பதன் முத்திரையா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இக்கலையின் கதை முளகுமூட்டில் வளர்ந்தது. பெல்ஜிய நாட்டுக் கார்மேல் துறவியான விக்டர் அடிகளார் அங்கு நடத்திய அநாதைச் சிறுமியர் இல்லத்துக்கு உதவ, 1897 நவம்பர் 7 அன்று அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் ஒரு துணைச் சகோதரியோடு வந்து சேர்ந்தார். இன்று ஐ.சி.எம். என அறியப்படும் துறவற சபையின் பிறப்பிடம் அதுவே. அன்னை துறவியாக வாழ்ந்த ஈப்பர் நகரம் பிளாண்டர்சின் புகழ்பெற்ற ரேந்தை நகரங்களுள் ஒன்று. அச்சகோதரிகளின் இல்லங்களில் தையலும் பூவேலையும் ரேந்தையும் சிறுமியர்க்கும் ஏழைப் பெண்களுக்கும் பிழைப்பாயின. கைம்பெண் ஒருத்தி யார் கையையும் எதிர்பாராமல் தன் வீட்டுத் திண்ணையிலேயே சம்பாதிக்கலாம் என்பது அந்நாளில் சிறிய காரியமன்று. தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவிடம் அவள் தைத்துத் தந்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்லும் காட்சி நினைவுக்கு வருகிறது.

பீட விரிப்பு, குருக்களின் வெள்ளங்கி, புதுநன்மைச் சிறுமியரின் முக்காடு என்று கைரேந்தைக்குத் திருச்சபையில் நெடுங்காலம் இடமிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் (1962-65) வழிபாட்டு உடைகள் எளிமையாயின. அது நன்மையே. ஆனால் கைரேந்தையை வாங்குவோர் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இயந்திர லேஸ் மற்றதைச் செய்து முடித்தது. நம் கடற்கரையில் பெண்கள் கையால் பின்னிய மீன்வலைகளை இயந்திர நைலான் வலைகள் விழுங்கியதும் இதே கதைதான்.

பழைய ஆலயங்களின் திருப்பொருள் அறையில், அலமாரியின் அடித்தட்டில், மஞ்சள் பூத்த பீட விரிப்பு ஒன்று கிடக்கக்கூடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இயந்திர லேசில் கண்ணிகள் ஒன்றுபோல் இருக்கும்; கைரேந்தையில் ஒரு கண்ணி சற்றுப் பெரிதாக, இன்னொன்று சற்று இறுகி இருக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் வெளுக்கப் போடவேண்டாம். மடித்தும் வைக்கவேண்டாம், மடிப்பில்தான் பழைய நூல் முதலில் அறும். ஓர் உருளையில் தூய வெள்ளைத் துணியைச் சுற்றி, அதன்மேல் தளரச் சுற்றி வைப்பது நல்லது.